பெரிய கம்பெனிகள் யாரிடம் வாங்குகின்றன?

[திரையில்: ஒரு பர்ச்சேஸ் ஆர்டர்]

ஒரு பெரிய கம்பெனிக்கு அட்டைப்பெட்டி வேண்டும். வருஷக்கணக்காகச் சப்ளை செய்கிறவருக்கே ஆர்டர் மறுபடியும் போகிறது. அதே தரத்தில் பெட்டி செய்கிற ஒரு பெண் தொழிலதிபர் பக்கத்திலேயே இருக்கிறார், ஆனால் இப்படி ஒரு டெண்டர் வந்ததே அவருக்குத் தெரியாது.

எப்போதும் வாங்குகிற இடம்தானே, அதில் என்ன தப்பு என்று கேட்கலாம். அந்த இடத்துக்கு வர எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு இருந்ததில்லை என்பதுதான் தப்பு. அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கே சில மாநிலங்களில் ஒரு பெண் தொழில் கடன் வாங்க வேண்டுமென்றால் வீட்டு ஆண் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டமே இருந்தது. அதை ஒழித்த பெண்கள் தொழில் உடைமைச் சட்டம் வந்தது 1988-இல்தான்!

[திரையில்: நகர வரைபடம், சிவப்பு நிறப் பகுதிகள்]

கறுப்பின மக்கள் கதை இன்னும் கொடுமை. 1930-களில் அவர்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் குறித்த வரைபடங்கள் வந்தன, அங்கே வீட்டுக் கடன் கிடைப்பதே அரிதானது. சொந்த வீடு இல்லையென்றால் தொழில் தொடங்க எதை அடமானம் வைப்பது? அந்த முதலீட்டுப் பள்ளம் பிள்ளைகள் தலைமுறைக்கும் வந்துவிட்டது.

1969-இல் அதிபர் நிக்சன் சிறுபான்மையினர் தொழில்களுக்கென்று ஓர் அலுவலகம் அமைத்தார். இன்று குறைந்தது 51 சதவீத உரிமையும் நிர்வாகமும் அவர்கள் கையில் இருந்தால் ‘சிறுபான்மையினர் தொழில்’ என்று சான்றிதழ் கிடைக்கிறது. சரி, சான்றிதழ் வந்துவிட்டது, ஆர்டரும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம்.

[திரையில்: இன்வாய்ஸ், "90 நாள்"]

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அட்டைக்கு இன்றே பணம் கட்ட வேண்டும், சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாது, ஆனால் பெட்டியை வாங்கியவர் பணம் தருவது மூன்று மாதம் கழித்து. யோசித்துப் பாருங்கள், வங்கியே கடன் கொடுக்கத் தயங்குகிற ஒருவரிடம் ஒரு பெரிய கம்பெனி வட்டியில்லாமல் மூன்று மாதம் கடன் வாங்குகிறது. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

இப்படிப் புது சப்ளையர்களைச் சேர்த்துக்கொள்வதில் கம்பெனிக்கும் லாபம் உண்டு. ஒரே சப்ளையரை நம்பியிருந்தால் அவர் ஆலை நின்ற அன்றே நம் வேலையும் நிற்கும், விலையும் அவர் சொன்னதுதான். புதிதாக இரண்டு பேர் போட்டிக்கு வந்தால் பேரம் பேசவாவது இடம் இருக்கும்.

அதனால் பர்ச்சேஸில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மொத்தமாகக் கட்டிய ஆர்டரைச் சின்னதாகப் பிரியுங்கள், டெண்டரை எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் போடுங்கள். அப்புறம், சின்ன சப்ளையருக்கு 15 நாளில் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.