முதிய மாட்டின் மூளையில் பிரியான்

நேயர்களுக்கு வணக்கம். மாட்டின் மூளையை அழிக்கும் ‘மேட் கவ்’ நோய் என்றதும் பலருக்கும் 1990-களின் பிரிட்டன்தான் ஞாபகம் வரும். செத்த மாடுகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்துத் தீவனத்தில் கலந்து மாட்டுக்கே போட்டார்கள். 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் வந்தது. அந்தத் தீவனத்தைத் தடை செய்தபின் அது அடங்கிவிட்டது. ஆனால் தீவனத்தோடு தொடர்பே தெரியாமல், எங்கோ ஒரு மாட்டுக்கு மட்டும் வரும் அரிய வகைகள் இரண்டு உண்டு. அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2004-இல் இத்தாலியிலும் பிரான்சிலும் இவற்றைக் கண்டுபிடித்தார்கள். இந்த நோயை உண்டாக்கும் பிரியான் என்பது தவறாக மடிந்துபோன ஒரு புரதம். நோயுற்ற மூளையிலிருந்து அதைப் பிரித்து ஆய்வகத்தில் மின்சாரம் பாயும் ஜெல்லில் ஓடவிட்டால் மூன்று பட்டைகள் தெரியும். அடிப்பட்டை வழக்கமான இடத்துக்குச் சற்று மேலே நின்றால் ‘எச்’ வகை, கீழே இறங்கினால் ‘எல்’ வகை. இரண்டுமே பெரும்பாலும் எட்டு வயது தாண்டிய மாடுகளில்தான் வருகின்றன.

2012-இல் கலிபோர்னியாவில் அகப்பட்டது ‘எல்’ வகை. பத்து வயது தாண்டிய கறவை மாடு அது. எழுந்து நிற்க முடியாததால் கருணைக்கொலை செய்திருந்தார்கள். உடல் கழிவுக் கொழுப்பு உருக்கும் ஆலைக்குப் போனது. அங்கே மாதிரி எடுத்த மாடுகளில் இதுவும் ஒன்று. இந்தச் சோதனைக்கு மண்டையோட்டின் பின்துளை வழியே கரண்டி போன்ற கருவியை விட்டு, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் ஒரு சிறு துண்டை எடுப்பார்கள். அதை எடுக்காமல் விட்டிருந்தால், வயதாகிப் படுத்த மாடு என்றே கணக்கு முடிந்திருக்கும்.

ஒரே ஒரு மாடுதானே என்று சிலர் கேட்கலாம். 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ‘எல்’ வகையை எலிகளில் அடுத்தடுத்துச் செலுத்திப் பார்த்தபோது, அது பழைய பிரிட்டன் நோயின் குணத்துக்கே மாறியது. பிரிட்டன் நோயே இப்படி ஒரு முதிய மாட்டிலிருந்து கிளம்பியிருக்கலாம் என்ற கருத்து அதிலிருந்து வலுத்தது. நிரூபணம் ஆகவில்லை, ஆனால் மாட்டுக்கு மாட்டுத்தூள் கூடாது என்ற தடையை, நோய்தான் போய்விட்டதே என்று தளர்த்த நினைப்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

அப்புறம், வணிகம். 2021 செப்டம்பரில் பிரேசிலில் இத்தகைய மாடுகள் இரண்டு உறுதியானதும், சீனாவுக்கான மாட்டிறைச்சி ஏற்றுமதி மூன்று மாதத்துக்கு மேல் நின்றது. அரிய வகை கண்டால் அந்த நாட்டுக்குக் கொடுத்த நோய் அபாயத் தகுதியைக் குறைக்கக் கூடாது என்று உலக விலங்கு சுகாதார அமைப்பு 2015-லேயே முடிவெடுத்திருந்தது. தேடிக் கண்டுபிடித்துச் சொன்ன நாட்டுக்கே நஷ்டம் வந்தால், அடுத்த முறை முகுளத்தை எடுக்கச் சொல்லும் அதிகாரியின் கை தயங்காதா? எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.