தண்ணீர் ஓடுகிறது, மீனுக்கு அதில் இடம் இருக்கிறதா?

[காட்சி: மஸ்ஜிட் ஜாமெக் அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கும் முனை. இருபுறமும் கான்கிரீட் கரை.]

வணக்கம். மலாய் மொழியில் 'கோலா' என்பது கூடுதுறை, 'லும்பூர்' என்பது சேறு. ஒரு தலைநகருக்கே பெயர் தந்த இடம் இது. எல்.ஆர்.டி. ரயில் நிலையத்திலிருந்து இறங்கி இந்தப் பக்கம் நடப்பவர்கள், கலங்கிய நீரில் ஏதோ ஒரு மீன் புரள்வதைக் கண்டு ஆறு தேறிவிட்டது என்று மகிழ்வதுண்டு. அவ்வளவு சீக்கிரம் மகிழ வேண்டியதில்லை. கிள்ளான் ஆற்றில் பெருகியிருக்கும் மீன்களில் ஒன்று, கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்பதற்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, பிறகு ஆற்றில் விடப்பட்ட உறிஞ்சுவாய் மீன். அதற்கு இங்கே 'இக்கான் பண்டாராயா', அதாவது மாநகராட்சி மீன் என்று பெயர். நீரில் ஆக்ஸிஜன் குறைந்துபோனால் அது மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றின் மூலமாகவே சுவாசித்துக்கொள்ளும். விரால் மீனும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக்கூடியதுதான். இத்தகைய மீன்கள் இருப்பது, அவை எதையும் தாங்கும் என்பதை மட்டுமே காட்டுகிறது.

ஆற்றில் எவ்வளவு தண்ணீர், எந்த வேகத்தில், எந்த ஆழத்தில் ஓடினால் இந்த மண்ணுக்குரிய மீன்கள் வாழும் என்பதை அளந்து சொல்ல முடியுமா? முடியும். அதற்கு நாம் மேல்நோக்கிச் செல்ல வேண்டும்.

[காட்சி: உலு கோம்பாக். மரநிழல், பாறைகள், தெளிந்த நீர்.]

மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு நிலையம் இருக்கும் உலு கோம்பாக் பகுதி இது. இந்த ஆற்றின் உயிரினங்களைப் பற்றிய விரிவான ஆய்வு ஒன்று 1973-ஆம் ஆண்டிலேயே நூலாக வந்துவிட்டது. கூடுதுறையில் பார்த்த அதே கோம்பாக் ஆறுதான் இது என்பதை நம்பச் சற்று நேரமாகும்.

ஆற்றின் உள்ளமைப்பைச் சொல்ல நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆழமான நிலைநீர் மடு, நீர் திரும்பிச் சுற்றும் இடம் சுழி, நீரோட்டம் வரிவரியாக விட்டுச்சென்ற மணல் அறல், உருண்ட சிறு கல் பரல். ஆய்வாளர்கள் 'வாழிடம்' என்று சொல்வது இவற்றைத்தான். தெங்காஸ் போன்ற மலையாற்று மீனுக்கு ஓடும் நீரும் வேண்டும், ஒதுங்கி நிற்க மடுவும் வேண்டும்.

[காட்சி: கரையிலிருந்து கரைக்குக் கட்டிய அளவு நாடா. முழங்கால் ஆழத்தில் நிற்கும் ஆய்வாளர்.]

முதலில் ஆற்றின் குறுக்கே ஓர் அளவு நாடாவை இழுத்துக் கட்டுகிறார்கள். அந்தக் கோட்டில் அரை மீட்டருக்கு ஓரிடம் என நின்று, ஆழத்தையும் நீரின் வேகத்தையும் குறிக்கிறார்கள். மேற்பரப்பில் நீர் வேகமாகவும் அடியில் மெதுவாகவும் ஓடும் என்பதால், வேகமானியை எங்கே பிடிப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: ஆழம் குறைந்த இடத்தில், மேலிருந்து மொத்த ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே பிடித்தால் சராசரி வேகம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஆழத்தையும் அகலத்தையும் வேகத்தையும் பெருக்கிக் கூட்டினால், நொடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் ஓடுகிறது என்பது தெரியும்.

நீரின் அளவு இத்துடன் தெரிந்துவிடுகிறது. ஆனால் அடித்தளத்தில் மணலா, பரலா, பெரும்பாறையா என்பதையும் குறித்தால்தான் மீனின் கணக்குத் தொடங்கும்.

[காட்சி: கையளவுக் கல் ஒன்று மெல்லப் புரட்டப்படுகிறது. அண்மைக் காட்சி.]

இந்தக் கல்லின் அடியைப் பாருங்கள். தட்டையாக ஒட்டிக்கொண்டிருப்பது மேஃப்ளை என்ற பூச்சியின் இளம் பருவம். வயிற்றின் இருபுறமும் இறகுபோல் துடிப்பவை அதன் செவுள்கள். கல்லை ஒட்டிய மெல்லிய படலத்தில் நீரின் வேகம் மிகக் குறைவு, அதனால்தான் இவ்வளவு ஓட்டத்திலும் அது அடித்துச் செல்லப்படவில்லை. பக்கத்தில் சிலந்தி வலைபோல் தெரிவது, கேடிஸ் என்ற பூச்சியின் புழு கட்டிய வலை. நீர் கொண்டுவரும் துகள்களை வலையில் பிடித்து உண்ணும் அந்தப் புழுவுக்கு, ஓட்டம் நின்றால் சாப்பாடு நின்றது என்று பொருள். சேறு படிந்து கல்லின் இடுக்குகள் அடைபட்டால் இரண்டுக்குமே இடமில்லை. இவை போனால் இவற்றை உண்ணும் மீனும் போகும்.

[காட்சி: கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட ஆற்றின் வரைபடம்.]

இப்போது கணக்குக்கு வருவோம். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மீன், வனவிலங்குத் துறையில் வளர்ந்த முறை இது. ஆற்றைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் ஆழமும் வேகமும் அடித்தளமும் குறிப்பிட்ட மீனுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதற்குப் பூஜ்யம் முதல் 1 வரை மதிப்பெண் தருகிறார்கள். விளக்கத்துக்காக, 2 சதுர மீட்டர் கொண்ட ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆழத்துக்கு 0.8, வேகத்துக்கு 0.5, அடித்தளத்துக்கு 1 என்றால், மூன்றையும் பெருக்க 0.4 வரும். 2 சதுர மீட்டரில் 0.8 சதுர மீட்டர்தான் அந்த மீனுக்குப் பயன்படும் இடம் என்று கொள்கிறார்கள். எல்லாக் கட்டங்களையும் கூட்டி, நீரின் அளவை மாற்றி மாற்றி மீண்டும் கணக்கிட்டால் ஒரு வளைகோடு கிடைக்கும். நீர் கூடக் கூட இடமும் ஓர் அளவுவரை கூடும். அதைத் தாண்டினால் வேகம் மிகுந்து இடம் குறையத் தொடங்கும்.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு, அது சிறிய குறையும் அல்ல. மதிப்பெண் அந்தந்த மீனைக் கவனித்துத் தர வேண்டியது. குளிர்நாட்டு டிரவுட் மீனுக்காக வரைந்த வளைகோட்டைத் தெங்காஸுக்குப் பொருத்தினால் விடை வரும், ஆனால் அது தெங்காஸைப் பற்றிய விடையாக இருக்காது. 1976-இல் டென்னன்ட் என்பவர் முன்வைத்த எளிய விதிக்கும் இதே சிக்கல்தான்: ஆண்டுச் சராசரி நீரோட்டத்தில் 10 விழுக்காடு இருந்தால் உயிர்கள் குறுகிய காலம் தாக்குப்பிடிக்கும், 30 விழுக்காடு இருந்தால் ஓரளவு நன்றாக வாழும் என்பது அது. மொன்டானா போன்ற பனி உருகும் மாநிலங்களின் ஆறுகளைப் பார்த்து வகுக்கப்பட்டதால், ஆண்டை அக்டோபர் முதல் மார்ச், ஏப்ரல் முதல் செப்டம்பர் என்று அது இரண்டாகப் பிரிக்கிறது. கோலாலம்பூரிலோ ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும். இரண்டு உச்சமும் இரண்டு பாதிக்குள் ஒவ்வொன்றாய்ப் போய் அமர்ந்துவிடுவதால், இங்கே அந்தப் பிரிவினைக்குப் பொருளே இல்லை.

[காட்சி: பத்துமலை அருகே சுங்கை பத்து. பின்னர் அணைக்கட்டு.]

தைப்பூசத்தில் காவடி எடுப்போர் நீராடும் சுங்கை பத்து ஆற்றின் மேற்பகுதியில் 1987-ஆம் ஆண்டு முதல் அணை இருக்கிறது. கிள்ளான் ஆற்றில் கிள்ளான் கேட்ஸ் அணை 1958-லிருந்து உள்ளது. குடிநீருக்கும் வெள்ளத் தடுப்புக்கும் அணைகள் தேவை. அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அணைக்குக் கீழே நீரின் ஆண்டுச் சராசரி மட்டும் சரியாக இருந்தால் போதாது. எப்போது வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, எவ்வளவு விரைவாக ஏறி இறங்குகிறது என்பவையும் வாழிடத்தின் பகுதிதான். மதகு திடீரென்று மூடப்பட்டால் கரையோரக் குழிகளில் மீன்குஞ்சுகள் சிக்கிக்கொள்ளும். நீர் குறையும் நாளில், ஆற்றில் வந்து சேரும் கழிவுநீரை நீர்க்கச் செய்யும் தண்ணீரும் குறையும், வெயிலில் வெப்பமும் ஏறும். 25 பாகை செல்சியஸில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்ஸிஜன் கரையக்கூடிய தூய நீரில், 30 பாகையில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான் கரையும்.

[காட்சி: மீண்டும் நகரத்தின் கான்கிரீட் கால்வாய். பிற்பகல் மழை.]

அதே கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். மழையில்லாத நேரத்தில், அகன்ற சமதளத்தில் நீர் மெல்லிய தகடுபோல் பரவி ஓடுகிறது. ஆழத்துக்கு மதிப்பெண் மிகக் குறைவு. பிற்பகலில் ஒரு கனமழை பெய்தால், ஒதுங்க ஒரு கல்கூட இல்லாத தளத்தில் நீர் சீறிப் பாய்கிறது. வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. அடித்தளம் கான்கிரீட், அதற்குப் பூஜ்யம். பெருக்கலில் ஒரு பூஜ்யம் வந்தால் மற்ற இரண்டும் எதுவாக இருந்தாலும் பயனில்லை. உலு கோம்பாக்கில் ஓடுவதைப்போல் பல மடங்கு நீர் இங்கே ஓடினாலும், பயன்படும் இடம் பூஜ்யமாகவே நிற்கும்.

ஆகவே நகரப் பகுதியில் நீரைக் கூட்டுவதைவிடத் தளத்தை மாற்றுவதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் கருத்து. பெரிய பாறை ஒன்றைப் பதித்தால் அதன் பின்னால் சுழி உண்டாகி, பரல் தங்கும். ஆனால் அதே பாறை வெள்ளநீரைத் தடுத்து, நீர்மட்டத்தைச் சற்று உயர்த்தவும் செய்யும். அதனால் ஒவ்வொரு பாறையின் இடத்தையும் முதலில் வெள்ளக் கணக்கில் வைத்துச் சோதித்து, அதில் தேறியவற்றை மட்டும் மீனின் கணக்குக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.