விளக்கு வைக்கும் நேரம்

புதுவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் முத்தியால்பேட்டையில் பிறந்து சொல்தா வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவரை இங்கே சொல்தா என்போம். வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் என் மாமனார் வீடும் ஒன்று. அவர் அன்று போட்ட கையெழுத்து, பல வருடம் கழித்து என்னைப் பாரிசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில், நான்காவது மாடியில் கொண்டுபோய் வைத்தது.

அங்கே நல்லதா, இங்கே நல்லதா என்று கேட்கிறார்கள். சம்பளம், சாலை, ஆஸ்பத்திரி பற்றியெல்லாம் உங்கள் வீட்டிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். என்னைத் திணற அடித்தது விளக்குதான்.

புதுவையில் கோடையோ மார்கழியோ, பொழுது சாய்வதில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் முன்பின் இருக்கும். ஆறு மணி என்றால் அம்மா விளக்கேற்றிவிடுவார். பாரிசில் ஜூன் மாதம் இரவு பத்து மணி வரை வெளிச்சம். டிசம்பரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். எந்த ஆறு மணிக்கு ஏற்றுவது? தொலைபேசி அட்டை வாங்கி அம்மாவிடம் கேட்டேன். "சூரியன் எப்போது சாய்கிறதோ அப்போது ஏற்று" என்றார். அந்தக் கோடையில் பிள்ளைகள் தூங்கிய பிறகு, பல் துலக்கிவிட்டு வந்து விளக்கேற்றினேன். பத்து நாள் தாங்கியது. பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஆறு மணிக்கே ஏற்றினேன். ஜன்னல் வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியாது. இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

அங்கே மதியத்தில் கடை சாத்துவது எனக்குப் புதிதல்ல. புதுவைக் கடைக்காரர்களும் ஒரு மணிக்குக் கதவை இழுத்துவிட்டுத் தூங்கப்போகிறவர்கள்தானே! சென்னைக்காரர்கள் வந்து திட்டுவார்கள். எனக்கு அது ஊர் வாசனை.

ரொட்டிக் கடையில்தான் பாடம் கற்றேன். போன புதிதில், மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியத்தை நேராக ஒப்பித்தேன்: ஒரு பகெத் வேண்டும். கல்லாவில் இருந்த அம்மாள் அசையவில்லை. "போன்ஜூர் மதாம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஆறேழு பேர் வரிசையில். நானும் "போன்ஜூர்" என்று முனகிய பிறகுதான் ரொட்டி கைக்கு வந்தது. அங்கே வணக்கம் சொல்லாமல் எதைக் கேட்டாலும் அது அதட்டல்தான். ஆனால் வணக்கத்தோடு சரி. எதிர்வீட்டு அம்மாள் ஒன்பது வருடம் எனக்குத் தவறாமல் போன்ஜூர் சொன்னார்; அன்று என்ன சமைத்தேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கருவாடு வறுத்த அன்று மட்டும் ஜன்னலைப் படாரென்று சாத்தினார்.

பழக்கம் விடுமா? போன வாரம் இங்கே புதுவை பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காவிடம் போய், முதலில் "வணக்கம்" என்றேன். அவர் அரிவாள்மனையை ஓரமாக வைத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா, ஓட்டுக் கேட்க வந்திருக்கிறாயா?"

சங்கரா என்ன விலை என்று அதற்குப் பிறகுதான் கேட்க முடிந்தது.