"டக்" எண்டு சத்தம் மட்டும் வருதா? ஸ்ராட்டரைக் கழட்ட முதல் இந்த இரண்டு பல்ப்பைப் பூட்டுங்கோ!

(திரையில்: பழைய டீசல் கொரோலா. திறப்பு திரும்புது. "டக்".)

வணக்கம் உறவுகளே!

இந்தச் சத்தம் உங்களிலை கனபேருக்குத் தெரியும். திறப்பைத் திருப்பினால் ஒரு "டக்", எஞ்சின் சுத்தேல்லை. திரும்பவும் "டக்". நாலாந்தரம் திருப்ப, ஒண்டுமே நடக்காத மாதிரி ஸ்ராட் ஆகிடும். பிறகு ஒரு கிழமைக்குச் சத்தமே இல்லை. பெற்றோல் செற்றிலை பின்னாலை வரிசையா ஆட்டோக்கள் நிக்கேக்கை பழையபடி "டக்". கராஜுக்குக் கொண்டு போனாலோ வடிவா வேலை செய்யும்!

எப்பவும் இருக்கிற பிழையை யாரும் கண்டுபிடிக்கலாம். இடைக்கிடை வாற பிழைதான் காசைத் தின்னுறது. முதல் பற்றரியை மாத்துவினம், பிறகு ஸ்ராட்டரை மாத்துவினம், கடைசியிலை பார்த்தால் ஒரு எர்த் வயர் கறள் பிடிச்சிருக்கும். அதனாலை இண்டைக்கு நான் சொல்லப்போறது ஒரே விஷயம்: பிழை வாற அந்த நிமிசத்திலை அது எங்கை நிக்குது எண்டு கண்ணாலை பார்க்கிற வழி. இரண்டு சின்ன பல்ப்பும் கொஞ்ச வயரும் காணும்.

பின்னணியை வேகமாச் சொல்லிட்டுப் போறன். பெற்றோல் எஞ்சின் காத்தைப் பத்து மடங்களவிலை அமத்தும். ரொயோட்டாவின்ரை 2சி மாதிரியான பழைய டீசல் எஞ்சின் 20 மடங்குக்கு மேலை அமத்தும். அதைச் சுத்திறதுக்கு ஸ்ராட்டர் நூற்றுக்கணக்கான அம்பியர் இழுக்கும். 200 அம்பியர் போற பாதையிலை 0.02 ஓம் தடை இருந்தாலே 4 வோல்ற் அங்கையே போயிடும். 12 வோல்ற் பற்றரி இருந்தும் ஸ்ராட்டருக்குக் கிடைக்கிறது 8 தான். கையாலை ஆட்டிப் பார்க்க இறுக்கமா இருக்கிற, வயர் பூட்டுற ரெமினலிலையும் இந்தத் தடை ஒளிஞ்சிருக்கும். கடற்காத்து அடிக்கிற ஊர்காவற்றுறை, பருத்தித்துறைப் பக்கத்து ஆக்கள் இதைக் கட்டாயம் கவனிக்கோணும்.

ஒரு சின்னக் கிளைக்கதை, எனக்குச் சொல்லாமல் இருக்கேலாது. 1990களிலை பொருளாதாரத் தடைக்காலத்திலை எங்கடை ஆக்கள் பெற்றோல் காரை மண்ணெண்ணெயிலை ஓட்டினவை. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடாக மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. ஒஸ்ரின் ஏ40 காருக்கு முன்னாலை இரும்புக் கைபிடியைப் போட்டுச் சுத்தியே எழுப்பலாம். டீசல் கொரோலாவுக்கு அந்த வசதி கிடையாது. கண்டியிலை எண்டால் சரிவிலை நிப்பாட்டி உருட்டலாம். யாழ்ப்பாணம் முழுக்கத் தட்டை நிலம், தள்ளுறதுக்கு நாலு பேர் வேணும். ஓட்டோ கியர் வண்டியெண்டால் தள்ளியும் பிரயோசனம் இல்லை. அதனாலைதான் எங்களுக்கு இந்தப் பிழை இவ்வளவு பெரிய தலையிடி.

சரி, சத்தத்துக்கு வருவம். "டிக் டிக் டிக்" எண்டு வேகமா அடிச்சால் அது பற்றரி இறங்கினது, இல்லாட்டி ரெமினல் பழுது. எஞ்சின் நல்லாச் சுத்தியும் பிடிக்கேல்லை எண்டால் அது எஞ்சினுக்குள்ளை சூடு குடுக்கிற ஹீற்றர் பிளக் அல்லது டீசலுக்குள்ளை காத்து, ஸ்ராட்டரிலை குற்றம் சொல்லாதேங்கோ. ஒரேயொரு கனமான "டக்", பிறகு அமைதி. இதுதான் எங்கடை கதை.

(திரையில்: கழட்டின சொலினொயிட், மூடி திறந்தபடி.)

இதைப் பாருங்கோ, எனக்கு இதிலை சரியான விருப்பம்! ஸ்ராட்டருக்குப் பக்கத்திலை இருக்கிற இந்தச் சொலினொயிட்டுக்குள்ளை இரண்டு செப்புத் துண்டு இருக்கு. ஒண்டிலை பற்றரியிலை இருந்து வாற தடிச்ச வயர், மற்றதிலை மோட்டருக்குப் போற வயர். இரண்டுக்கும் இடையிலை உழுந்துவடை மாதிரி நடுவிலை ஓட்டையோடை ஒரு செப்புத் தட்டு. திறப்பைத் திருப்பினதும் காந்தம் இழுக்க, தட்டு வந்து இரண்டு துண்டிலையும் ஒரே நேரத்திலை அடிக்கும். அந்த அடிதான் நீங்கள் கேக்கிற "டக்". அவ்வளவு கரண்டும் அதுக்குள்ளாலைதான் போகுது. ஒவ்வொரு தரமும் சின்னப் பொறி பறந்து செப்புக் கொஞ்சம் கொஞ்சமா எரியும். வருசக்கணக்கிலை பள்ளம் விழும். பெரும்பாலும் ஒரு பக்கத் துண்டுதான் கூடத் தேயும்.

இப்ப பாருங்கோ, ஏன் இந்தப் பிழை நினைச்சபடி வந்து போகுது எண்டு. அந்தத் தட்டு இறுக்கிப் பூட்டினது இல்லை, தன்ரை அச்சிலை சுத்தும். அடிக்கிற ஒவ்வொரு தரமும் கொஞ்சம் திரும்பி நிக்கும். நல்ல செப்பு முன்னாலை வந்தால் கார் ஸ்ராட். எரிஞ்ச இடம் வந்தால் "டக்" மட்டும். நாலாந்தரம் எடுக்கிறதின்ரை ரகசியம் அதுதான்! டென்சோ ஸ்ராட்டர் போட்ட பழைய ரொயோட்டா டீசல்களிலை இது பேர்போன வருத்தம். முழு ஸ்ராட்டரும் மாத்தத் தேவையில்லை. பின்மூடியிலை மூண்டு போல்ற்றைக் கழட்டினால் தட்டைக் காணலாம், செப்புத் துண்டுகள் தனியாவே விக்குது. ஸ்ராட்டரிலை ஸ்பானர் வைக்க முதல் பற்றரியின்ரை நெகற்றிவ் வயரைக் கழட்டுங்கோ. இதை மறக்கவே கூடாது.

ஆனால் உங்கடை காரிலையும் இதுதான் பிழை எண்டு எப்பிடி நிச்சயமாச் சொல்லுறது? அதுக்குத்தான் பல்ப்.

அதுக்கு முதல், தடிச்ச வயர்களை முடிச்சிடுவம். இன்ஜெக்ரர் பம்பிலை டீசலை நிப்பாட்டுற சொலினொயிட்டின்ரை வயரைக் கழட்டினால் எஞ்சின் பிடிக்காமல் சுத்த மட்டும் செய்யும். கியரை நியூற்றலிலை விட்டு, ஹாண்ட் பிறேக்கை இழுத்திட்டு ஒராளைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கோ. வோல்ற் மீற்றரின்ரை ஒரு முனை பற்றரி பொசிற்றிவ் கட்டையிலை, மற்றது ஸ்ராட்டரின்ரை தடிச்ச போல்ற்றிலை. சுத்தேக்கை 0.5 வோல்ற்றுக்குக் கூடக் கூடாது. பிறகு நெகற்றிவ் கட்டையில இருந்து எஞ்சின் உடம்புக்கும் அதே மாதிரி. கூடினால் அந்த வயரைக் கழட்டி, முனையிலை பூத்திருக்கிற பச்சைக் கறளைச் சுடுதண்ணி விட்டுக் கழுவி, மினுக்கிப் பூட்டுங்கோ. கனபேருக்கு வீடியோ இதோடை முடிஞ்சிடும்.

மிச்ச ஆக்கள் வாங்கோ. 12 வோல்ற், 5 வாற் பல்ப் இரண்டு. எல்ஈடி வேண்டாம், அது கசிவுக் கரண்டுக்கே எரிஞ்சு உங்களை ஏமாத்தும். முதல் பல்ப்பின்ரை வயர் சொலினொயிட்டின்ரை மெல்லிய வயர் வாற முனைக்கு. இரண்டாவது, சொலினொயிட்டில இருந்து மோட்டருக்குள்ளை போற தடிச்ச முனைக்கு. இரண்டு வயரிலையும் ஸ்ராட்டருக்குக் கிட்ட 5 அம்பியர் ஃபியூஸ் போடுங்கோ. சைலன்சர்ப் பைப்பிலை முட்டாமல் உள்ளை கொண்டு வந்து, மற்ற முனைகளைக் காரின்ரை இரும்பு உடம்பிலை எர்த் குடுத்து, பல்ப்பை டாஷ்போர்ட்டிலை ஒட்டுங்கோ. இனி வழமை போல ஓடுங்கோ. பிழை வரட்டும், நாங்கள் காத்திருக்கிறம்!

(திரையில்: டாஷ்போர்ட்டிலை இரண்டு பல்ப்.)

"டக்" வரேக்கை முதல் பல்ப் வெளிச்சமா எரிஞ்சு இரண்டாவது எரியேல்லை எண்டால், தடிச்ச வயரும் சரியெண்டு பார்த்தாச்சு, அப்ப செப்புத் துண்டுதான். இரண்டும் எரியேல்லை, சத்தமும் இல்லையெண்டால் திறப்புச் சுவிச், றிலே (சின்னக் கரண்டாலை பெரிய கரண்டைப் போடுற சுவிச்), இல்லாட்டி ஓட்டோ கியரின்ரை நியூற்றல் சுவிச். லீவரை 'பி'யில இருந்து 'என்'னுக்குத் தள்ளித் திருப்பிப் பாருங்கோ. முதல் பல்ப் மங்கலா எரிஞ்சால் பற்றரி இறங்கினதா எண்டு முதல் பாருங்கோ. அது சரியெண்டால் தேஞ்ச திறப்புச் சுவிச், ஒரு றிலே போட்டால் தீரும். இரண்டும் எரிஞ்சும் மோட்டர் அசையேல்லையெண்டால் உள்ளுக்கை காபன் (மோட்டரின்ரை சுத்துற பாகத்துக்குக் கரண்ட் குடுக்கிற கட்டை) முடிஞ்சுது. ஸ்ராட்டர் உடம்பிலை மெதுவாத் தட்ட ஸ்ராட் ஆனால் அதுக்கு வேறை சாட்சி தேவையில்லை.

வெயிலிலை ஓடி வந்து நிப்பாட்டின கையோடை மட்டும் மக்கர் பண்ணுதோ? சொலினொயிட்டின்ரை காந்தத்திலை சுத்தியிருக்கிற செப்புக் கம்பி 60 பாகை கூடச் சூடானால் அதின்ரை தடை கால்வாசியளவு கூடும், காந்தம் இழுக்கிற பலம் குறையும். முதல் பல்ப்பின்ரை வெளிச்சத்தைக் காலைமையும் மத்தியானமும் ஒப்பிட்டுப் பாருங்கோ. "கிர்ர்" எண்டு பல்லுச் சுரண்டினால் ஃபிளைவீல் பல்லுத் தேய்மானம், அது வேறை வீடியோ.

செப்புத் துண்டு மாத்தேக்கை இரண்டையும் சேர்த்து மாத்துங்கோ, தட்டையும் பாருங்கோ. ஒரு துண்டு உயரமா நிண்டால் தட்டு மற்றதிலை முட்டாது, புதுச்சாமானோடையே பழைய "டக்" வரும். பூட்டினாப் பிறகு பல்ப்பைக் கழட்ட அவசரப்படாதேங்கோ, ஒரு கிழமை கிடக்கட்டும். உங்கடை காரிலை எந்தப் பல்ப் எரிஞ்சது, என்ன எஞ்சின் எண்டு கீழை எழுதுங்கோ. டொல்பின் வான் வச்சிருக்கிற அண்ணைமார், உங்கடை பதிலைத்தான் நான் கூட எதிர்பார்க்கிறன்.