வாயிற்காவலரின் சட்டைப்பையில் இராமாயணம்

நேயர்களுக்கு வணக்கம்.

1973ஆம் ஆண்டில் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் 35ஆம் எண் விடுதிக்குச் சென்றவர்கள், வாயிலருகே அறுபதைத் தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். தொலைபேசி மணி அடித்தால் எடுத்து உரியவரைக் கூப்பிடுவதும், வருகிற கடிதங்களையும் செய்தித்தாள்களையும் வாங்கி வைப்பதும் அவருடைய வேலை. அதே பல்கலைக்கழகத்தில் 1946இல் கீழைமொழித் துறையை நிறுவி, அதன் தலைவராக இருந்த ஜி சியென்லின்தான் அந்தக் காவலர்.

ஷாண்டோங் மாநிலத்தின் ஏழைக் குடும்பம் ஒன்றில் 1911இல் பிறந்த அவர், சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் மேலை இலக்கியம் பயின்றார். இரண்டு ஆண்டுத் திட்டத்தோடு 1935இல் ஜெர்மனிக்குப் போனவரைப் போர் பத்து ஆண்டுகள் கோட்டிங்கனில் நிறுத்திவைத்தது. போருக்கு ஆசிரியர் அழைக்கப்பட்டுவிட, ஓய்வுபெற்றிருந்த முதியவரான எமில் ஸீக் திரும்பி வந்து இந்த ஒரு மாணவருக்கு ரிக் வேதத்தையும், நடு ஆசியாவில் ஒருகாலத்தில் வழங்கி மறைந்துபோன தொகாரிய மொழியையும் கற்பித்தார். நாடு திரும்பிய பிறகு சாகுந்தலமும் பஞ்சதந்திரமும் அவர் கையால் சீன மொழிக்குப் போயின.

பழைமையையும் எதிர்ப்பாளர்களையும் ஒழிப்பதாகச் சொல்லிச் சீனத் தலைவர் மாவோ கிளப்பிய பண்பாட்டுப் புரட்சி 1966இல் தொடங்கியபோது அவரும் அதை நம்பியவர்தான். இதை அவரே பின்னாளில் மறைக்காமல் எழுதினார். மறு ஆண்டு, பல்கலைக்கழகத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த ஒரு குழுவை எதிர்த்ததும் வீடு சோதனையிடப்பட்டது. அவமானம் தாளாமல், தூக்க மாத்திரைகளைச் சேர்த்துக்கொண்டு, பழைய அரண்மனைப் பூங்காவின் நாணற்புதருக்குப் போய் உயிரை முடித்துக்கொள்ளத் துணிந்தார். வீட்டை விட்டுக் கிளம்பும் வேளையில் அந்தப் புரட்சியின் இளைஞர் படையினரான செங்காவலர்கள் கதவைத் தட்டினார்கள். கூட்டத்தில் நிறுத்தி அடித்தார்கள். இவ்வளவு அடியையும் தாங்க முடிகிறதென்றால் உயிர் வாழவும் முடியும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது. விசித்திரமான கணக்குதான், ஆனால் அவரைக் காப்பாற்றியது அதுவே.

1968இல் பேராசிரியர்கள் தங்கள் கைகளாலேயே கட்டிய தடுப்புக் கூடத்தில் அவரும் அடைக்கப்பட்டார். அதற்கு வழங்கிய பெயர் ‘மாட்டுக்கொட்டில்’. நடக்கும்போது தலை நிமிரக் கூடாது என்பது அங்கே விதி. வெளியே வந்த பிறகு கடைக்குப் போனால், விற்பவரைத் ‘தோழரே’ என்று அழைக்கும் தகுதி தனக்கு உண்டா என்று தெரியாமல் நாக்கு தடுமாறியதாக அவர் எழுதுகிறார். பட்ட அடிகளைக் காட்டிலும் இந்தத் தடுமாற்றமே என்னை அதிகம் உலுக்குகிறது.

வாயிற்காவல் வேலைக்கு வந்த காலத்தில்தான் வால்மீகி இராமாயணத்தை மொழிபெயர்க்கத் தொடங்கினார். இந்தியாவிலிருந்து வடமொழி மூலத்தை வரவழைத்துத் தருமாறு துறை நூலகத்தைக் கேட்டார். அது வந்தும் சேர்ந்தது. அச்சேறும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. சீக்கிரம் முடியாத நீண்ட வேலையாக ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை வீரச் செயலாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சும்மா இருக்கத் தெரியாத ஒரு படிப்பாளி, தன் கைக்குப் பழகிய வேலைக்குத் திரும்பினார்.

மூல நூலைக் காவல் அறைக்குக் கொண்டுபோகும் துணிவு அவருக்கு வரவில்லை. ஆகவே இரவில் வீட்டில் சுலோகங்களை உரைநடையாகப் பெயர்த்து, துண்டுத் தாள்களில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். மறுநாள் விடுதிக்கு நடந்து வருகிற வழியிலும், தொலைபேசி ஓய்ந்திருக்கும் வேளையிலும், அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்து, எதுகை அமைந்த சீனச் செய்யுளாக மாற்றுவார்.

1977இல் வேலை முடிந்தது. மாவோவின் மறைவுக்குப் பிறகு காலம் மாற, 1980 முதல் 1984 வரையில் முழுக் காவியமும் வெளிவந்தது. இந்திய அரசு 2008இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவித்தது. அடுத்த ஆண்டு, தம் 97ஆம் வயதில் அவர் காலமானார்.

கொட்டில் நாட்களைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள் என்று பல ஆண்டுகள் காத்திருந்துவிட்டு, 1992இல் தாமே எழுதினார். அது 1998இல் அச்சானது. பழிவாங்க வாய்ப்பு வந்தபோதும் தாம் அதைச் செய்யவில்லை என்று சொல்லும் அவர், தம்மை அடித்தவர்களும் தங்கள் தரப்பை எழுத வேண்டும் என்று அந்நூலிலேயே கேட்டுக்கொண்டார்.

நன்றி, வணக்கம்.