சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், போய்ச் சேர எத்தனை மணி நேரம் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிடலாம் போலத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் எடுங்கள், கூடவே ஒரு நூல். ஒரு முனையைச் சிங்கப்பூரில் விரலால் அழுத்தி, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இழுத்துப் பிடித்தால், நூல் பசிபிக் பக்கமும் போகாது, ஐரோப்பா பக்கமும் போகாது. நேராக வடக்கே ஏறி, வட துருவத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கும். சுவர் வரைபடத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்பவே முடியாது. தீர்க்கரேகைப்படி சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74, அதாவது ஏறக்குறைய முதுகோடு முதுகு. சரி, கணக்கும் போட்டுவிடலாம். துருவம் வரை 89 டிகிரி, அங்கிருந்து கீழே 49, ஆக 138. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்றால் 15,300 சொச்சம்.

ஆனால் விமானம் நூல் பிடித்துப் போவதில்லை. நியூயார்க் போகும்போது பெரும்பாலும் ஜப்பான் பக்கமாகப் போய் பசிபிக்கைத்தான் தாண்டுகிறது. தூரம் கூடும்தான், ஆனால் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும்.

இந்தக் காற்றை 1920களில் பலூன் விட்டு அளந்தவர் ஓயிஷி வாசபுரோ என்ற ஜப்பானியர். உலகமே படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட மொழியில் எழுதி 1926இல் வெளியிட்டார், பாவம், உலகம் கண்டுகொள்ளவில்லை. 1944இல் ஜப்பான் மேல் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அதே காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் பலருக்கு உறைத்தது.

எங்கும் நிற்காமல் நேரே பறந்தால் பயணம் 18 மணி நேரத்துக்கும் சற்று மேலே. இதற்கென்றே மாற்றியமைத்த ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். அந்த எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும் என்பதால், ஆட்களைக் குறைத்து மொத்தம் 161 இருக்கைதான். சாதாரண வகுப்பே கிடையாது, நம் பர்ஸுக்கு அது கெட்ட செய்திதான். 2004இல் இந்தச் சேவை தொடங்கியபோது ஓடியது நான்கு எஞ்சின் விமானம். அது எரிபொருள் குடித்த குடிக்குக் கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தினார்கள், அப்புறம் இரண்டு எஞ்சின் ஏ350 வந்துதான் 2018இல் மறுபடி தொடங்க முடிந்தது.

இனி எனக்குப் பிடித்த விஷயம். கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பி 18 மணி நேரம் பறந்தால், இறங்கும்போது அங்கே காலை 6 மணி. டிக்கெட்டை மட்டும் பார்த்தால் "அட, ஆறு மணி நேரம்தானா!" என்று தோன்றும். கைக்கடிகார முள்ளைத் திருப்பவும் வேண்டாம், சிங்கப்பூரிலும் மணி ஆறுதான், சாயங்கால ஆறு. வெளியே விடிந்துகொண்டிருக்கும்; வயிறு மட்டும் சாயங்கால டீயைக் கேட்கும்.