இந்த உணவு எங்கிருந்து வந்தது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஹங்கேரி அரசரின் மகளாகப் பிறந்து, 13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் துரிங்கியா நாட்டை ஆண்ட லுட்விக்கை மணந்த புனிதர், ஹங்கேரி எலிசபெத்தின் வாழ்வில் விஞ்சி நிற்பது இரக்கமே என்று பேசி அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். இல்லை, நீதியுணர்வே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

ரோஜாக் கதையை அழகாகச் சொன்னார். ஏழைகளுக்கு ரொட்டியை ஒளித்து எடுத்துப் போகிறார், கணவர் வழிமறிக்கிறார், மேலாடையை விலக்கினால் ரோஜாப்பூ! கைதட்டலும் வாங்கிவிட்டார். ஆனால் ஐயா, அது பிற்காலத்துக் கதை. எலிசபெத் இறந்த பிறகு அவருடைய தோழியர் நால்வர் அவருக்குப் புனிதர் பட்டம் தருவதற்காக நடந்த திருச்சபை விசாரணையில் கொடுத்த வாக்குமூலத்தில் ரோஜா கிடையாது. கணவர் லுட்விக்கும் வழிமறிக்கிற ஆள் இல்லை. 1226 பஞ்சத்தில் அவர் இத்தாலியில் இருந்தபோது, எலிசபெத் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். ஊர் திரும்பியவரிடம் அதிகாரிகள் புகார் சொன்னார்கள். அவர் மனைவி பக்கம்தான் நின்றார்.

சரி, தோழியர் என்னதான் சொன்னார்கள்? கணவரின் வார்ட்பர்க் கோட்டை விருந்தில் உட்கார்ந்ததும் எலிசபெத் விசாரிப்பாராம்: இந்த உணவு கணவரின் முறையான நிலத்திலிருந்து வந்ததா, குடியானவர்களை வாட்டிப் பறித்ததா? பறித்தது என்றால் தொடமாட்டார். உணவு சரி, பானம் சரியில்லை என்றால், தோழியரிடம் "இன்றைக்குச் சாப்பாடு மட்டும்தான்" என்பார். பானம் மட்டும் நல்ல வழியில் வந்தது என்றால், "இன்றைக்குக் குடிப்பது மட்டும்தான்." இரண்டும் சரி என்று தெரிந்தால் கைதட்டிச் சிரிப்பாராம். பாவம் அந்தத் தோழியர், பல நாள் அரைவயிறுதான்!

முறையற்ற வழியில் வந்ததை உண்ணாதே என்று அவருடைய ஆன்மிக குருவான கொன்ராட் இட்ட கட்டளைக்குத்தானே பணிந்தார் என்று எதிரணியில் அடுத்து வருபவர் கேட்பார். கட்டளை அவருடையதுதான். அதைச் சமையற்கட்டு வரை கொண்டுபோய், சபை நடுவே பசியோடு உட்கார்ந்தது யார்? தானும் அப்படியே செய்திருப்பேன், வீட்டார் பேச்சுக்கு அஞ்சுகிறேன் என்று லுட்விக்கே சொன்னதாகத் தோழியர் பதிந்திருக்கிறார்கள். நாட்டை ஆண்டவருக்கு வராத துணிச்சல் அந்தப் பெண்ணுக்கு வந்தது.

பஞ்சத்திலும் பாருங்கள். அறுவடை வந்ததும், உழைக்க முடிந்தவர்களுக்குச் சட்டை கொடுத்தார், அரிதாள் குத்தாமலிருக்கச் செருப்புக் கொடுத்தார், கையில் அரிவாளும் கொடுத்தார். தன் வாசலிலேயே அவர்களைக் காத்துக்கிடக்க விடவில்லை.

1227-இல் லுட்விக் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் இறந்தார். அப்புறம் மார்பர்க்கில் மருத்துவமனை கட்டி, நோயாளிகளைத் தானே குளிப்பாட்டி, 1231-இல், 24 வயதில் எலிசபெத் மறைந்தார். அங்கே இரக்கம் இருந்தது, மறுக்கவில்லை.

ஆனால் இரக்கம் மட்டும்தான் என்றால், விருந்தில் இருப்பதை உண்டுவிட்டு மிச்சத்தை ஏழைகளுக்கு அனுப்பியிருக்கலாமே? தன் தட்டை ஏன் ஒதுக்கினார்? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி.